தாராபுரத்துச் சின்னக் கதிரைகள்

தவக்காலம் வந்தால் எங்கள் பள்ளிமுனையில் கள்ளுத் தவறணைப் பக்கம் போகிறவர்கள் குறைந்துவிடுவார்கள். ஆண்டு முழுவதும் குடிக்கிறவன்கூட, நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்ட நாளிலிருந்து உயிர்த்த ஞாயிறு வரை போத்தலைத் தொடமாட்டான். படகில் தொழில் செய்த என் மகனும் அப்படித்தான். அந்த வாரங்களில் கரையிலிருந்து நேரே வீட்டுக்கு வருவான். தாயோடு பகிடி விட்டுச் சிரித்துக்கொண்டு மீன் வெட்டிக் கொடுப்பான்.

"குடிகாரன் எண்டால் தவக்காலத்திலையும் குடிப்பான்தானே" என்பாள் என் மனைவி. நானும் தலையாட்டுவேன். அந்தச் சில வாரங்களை நம்பி மற்ற மாதங்களைப் பொறுத்துக்கொண்டோம். ஊரில் பல வீடுகளில் இதே நம்பிக்கைதான்.

ஓர் உயிர்த்த ஞாயிறு, பூசை முடிந்து போனவன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அடுத்த நாள் கரையில், இழுத்து வைத்திருந்த படகு ஒன்றின் பக்கத்தில், வெயிலில் முகம் வெந்து நினைவில்லாமல் கிடந்தவனை ஆட்கள் தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் கைகள் நடுங்கிய நடுக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அது முழுதாகப் போகவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு தாதி என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஐயா, மருந்தோட நிண்டிடாதேங்கோ. குடியை விட்ட ஆக்கள் கூடியிருந்து கதைக்கிற இடம் ஒண்டு இருக்கு. தாராபுரத்தில, ஒரு பாலர் பாடசாலையில. சனிக்கிழமைப் பின்னேரங்களில."

தாராபுரம் என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அது முஸ்லிம் ஆட்கள் கூடுதலாக இருக்கும் ஊர். குடி இல்லாத ஊருக்குப் போகிறவனை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? எங்கே போகிறோம் என்று யாராவது கேட்டால் ஆட்டிறைச்சி வாங்க என்று சொல்லலாம்.

"எனக்கென்ன விசரோ, அப்பா?" என்றான் மகன்.

"ஒருக்கா வந்து இரு. பிடிக்காட்டி நானே கூட்டிக்கொண்டு வாறன்."

சனிக்கிழமை பின்னேரம் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். ஞாயிறு கடலுக்குப் போகாத எங்கள் ஆட்களுக்கு அதுதான் ஆபத்தான நேரம். வாரத்துப் பங்குக் காசு கைக்கு வந்ததும் கால்கள் தாமாகத் தவறணைக்கு நடக்கும். அந்த நேரத்தைப் பார்த்துத்தான் கூட்டத்தை வைத்திருந்தார்கள்.

சுவரில் வாத்தும் பலூனும் வரைந்த சின்ன அறை. பிள்ளைகளுடைய சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் கதிரைகளில், முழங்கால் நாடியில் முட்ட, பெரிய பெரிய ஆண்கள் இருந்தார்கள். முதலில் கண்ணில் பட்டவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். நான் வந்த வழியே திரும்பப் பார்த்தேன்.

அவர்தான் பேசினார். "என்ன அண்ணை, நீங்களும் ஆட்டிறைச்சிக்கோ?"

அறை முழுவதும் சிரித்தது.

"சிரிக்காதேங்கோடா. ஒவ்வொரு சனியும் இறைச்சிக்கெண்டு சொல்லிப்போட்டு வெறுங்கையோட போறன். மனிசி இப்ப, அந்த ஆட்டுக்கு என்ன பேர் எண்டு கேக்கிறாள்."

ஒளிப்பதற்கென்று ஊர் தாண்டி வந்தவர்களில் பாதிப் பேர் எங்கள் கோயில்பற்று ஆட்கள், ஞாயிறு பூசையில் பார்க்கும் முகங்கள். மகன் சிரித்தான். அந்த உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அன்றுதான் அவன் சிரிப்பைக் கேட்டேன். சிரித்தபடியே ஒரு நீலக் கதிரையில் இருந்தான்.

நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். இடத்தைக் கொடுத்திருந்த கடைக்காரர், எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர், இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தார்.

"உள்ளுக்குப் போகேல்லையோ, நானா?"

"அது அவங்கட இடம். திறப்பு மட்டும்தான் என்ர," என்று இடுப்பில் தொங்கிய திறப்புக்கோர்வையைக் கிலுக்கிக் காட்டினார்.

யன்னலுக்குள்ளால் மகனின் முழங்கால்கள் தெரிந்தன. அவனை முதன்முதல் பாலர் வகுப்பில் விட்ட காலையும் இப்படித்தான். ஆசிரியை என்னைப் போகச் சொல்லியும், மதிலுக்குப் பின்னால் மறைந்து நின்று அவன் அழுகை அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனையோ சனிக்கிழமைகள் அந்த வேம்பின் கீழ் போயின. கையில் தேத்தண்ணிச் சூடும், உள்ளே அவன் குரலுமாக. அந்தப் பின்னேரங்கள் திரும்பக் கிடைக்காதா என்று இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

அடுத்த தவக்காலமும் வந்தது. எனக்கு உயிர்த்த ஞாயிறை நினைத்துத்தான் பயம்.

"தவக்காலம் சுகம், அப்பா," என்றான் மகன். "ஊரே சேர்ந்து நிக்குது. பிறகுதான் தனியப் போகவேணும்."

அந்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலுக்கு வந்ததும் அவனுடைய கூட்டாளிகள் கூப்பிட்டார்கள்.

"வாடா மச்சான்! ஆண்டவரே உயிர்த்திட்டார், நீ இன்னும் கல்லறைக்குள்ளயோ?"

அவன் நின்றான். அவர்களைப் பார்த்தான். பிறகு என்னிடம் கையை நீட்டினான்.

"மோட்டச்சைக்கிள் திறப்பைத் தாங்கோ."

"எங்க?"

"ஆட்டிறைச்சி வாங்க."

திறப்பைக் கொடுத்தேன். ஆனால் தனியே விட மனமில்லை, பின்னால் ஏறிக்கொண்டேன். தாராபுரத்தில் அன்று கூட்டம் இல்லை, பாலர் பாடசாலைக் கதவு பூட்டியிருந்தது. வாசற்படியில் எதிர்வீட்டுக்காரர் பெருநாளுக்குப் போட்ட புதுச் சேட்டோடு குந்தியிருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு பேர். யாரும் யாரையும் வரச் சொல்லவில்லை. சாப்பாட்டில் இருந்த நானா கை கழுவிய ஈரத்தோடு வந்து கதவைத் திறந்தார். மகன் ஒரு சிவப்புக் கதிரையை இழுத்து எனக்குப் போட்டான். அன்று நானும் முழங்கால் நாடியில் முட்ட உள்ளே இருந்தேன்.

கூட்டம் இப்போது வேறு மண்டபத்தில், பெரிய கதிரைகளோடு நடக்கிறது. மகன் இன்னும் போகிறான். அவன் வரச் சற்றுப் பிந்தினாலும் நான் வாசல் படலையடிக்குப் போய்விடுவேன். வந்ததும் ஒன்றும் கேட்கமாட்டேன், கிட்டப் போய் நிற்பேன். அவனுக்குத் தெரியும். என் முகத்தில் ஒருமுறை ஊதிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போவான்.