புஷ்பம் போட்ட இரண்டாவது சமன்பாடு

செவ்வாய்க்கிழமை காலை தளவாய்புரத்திலிருந்து போன் வந்தது. நம் மில்லின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்த புஷ்பம் இறந்துவிட்டார். சட்டையை மாட்டினேன், கழற்றினேன், வேறொன்றை மாட்டினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். மடவார் வளாகத்தில், அவர் வீட்டு வாசலில் பழைய மில் ஆட்களான உங்களில் பலரைப் பார்த்தேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நூல் அறுகிறது என்று தகவல் வந்தால் புஷ்பம் யாரையும் திட்டமாட்டார். ஒரு தாளை எடுத்து x, y என்று எழுதுவார். "தெரியாதது ரெண்டுன்னா சேதியும் ரெண்டு வேணும் சார். ஒண்ணை வச்சுக்கிட்டு சாமியாடக் கூடாது" என்பார். விடை வந்த பிறகும் விடமாட்டார். இரண்டு சமன்பாட்டிலும் போட்டுச் சரிபார்ப்பார். நானோ டீ ஆறும்வரைகூடப் பொறுக்காத ஆள். பக்கத்தில் நின்று பேனாவைத் தட்டிக்கொண்டிருப்பேன்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் எல்லா மெஷினிலும் நூல் அறுந்தது. பஞ்சுக் கலவைக்கு நான்தான் சூப்பர்வைசர். நீள இழைப் பஞ்சு முப்பது பேல், அதாவது முப்பது பொதி, குட்டை இழை இருபது பேல் என்பது கணக்கு. கோடவுன் வாசலில் நின்று எண்ணி அனுப்ப வேண்டியது என் வேலை. அன்று நான் எண்ணவில்லை. ரிஜிஸ்டரில் முந்தின நாள் எழுதிய வரியைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டேன். அதைப் பார்த்தே ரிப்போர்ட்டும் எழுதினேன்.

மேனேஜர் இரண்டையும் பார்த்து, கோடவுனிலிருந்து கணக்கு சரியாகத்தான் போயிருக்கிறது என்று நம்பி, பஞ்சு பிரித்துப் போடும் சுப்பையா கழிவுப் பஞ்சைக் கலந்துவிட்டதாக முடிவு செய்தார். "நான் வந்த பேலைத்தான் பிரிச்சேன், சாமி சத்தியமா" என்று சுப்பையா சொல்லிக்கொண்டே இருந்தார். மதியத்துக்குப் பிறகு அவரை வேலையை விட்டு நிறுத்துவதாகப் பேச்சு. நான் எண்ணாததை யாரிடமும் சொல்லவில்லை.

புஷ்பம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தாளில், நீள இழை x, குட்டை இழை y என்று வைத்து, x + y = 50 என்று எழுதியிருந்தார்.

"ரெண்டாவது சேதி என்ன சார்?"

"ரிஜிஸ்டர்ல முப்பதுன்னு இருக்கே. ரிப்போர்ட்லயும் அதேதான்."

"ரிப்போர்ட்டை எதைப் பாத்து எழுதுனிய?"

"ரிஜிஸ்டரைப் பாத்து."

"அப்ப ஒரே சேதியை ரெண்டு தடவை சொல்லுதிய. அது ரெண்டு சேதி ஆகாது."

அன்றைய கோடவுன் எடைச்சீட்டை எடுத்து வைத்தார். நீள இழை பேல் நூற்றெழுபது கிலோ, குட்டை இழை நூற்றறுபது. மொத்த எடை எண்ணாயிரத்து இருநூறு. 170x + 160y = 8200 என்று எழுதினார். முதல் சமன்பாட்டை நூற்றறுபதால் பெருக்கிக் கழித்தார். 10x = 200. நீள இழை இருபதுதான்; குட்டை இழை கூடிப்போனதால்தான் நூல் அறுந்திருக்கிறது. சுப்பையா கை வைப்பதற்கு முன்பே, கோடவுனிலிருந்தே மாறி வந்திருக்கிறது.

"எடை அங்கிட்டு இங்கிட்டு இருக்கும்" என்றேன்.

"முப்பது பேல்னா எண்ணாயிரத்து முந்நூறு வரணும் சார். அங்கிட்டு இங்கிட்டுன்னா இருபது கிலோ இருக்கும். நூறு கிலோ இருக்காது."

இன்னொரு முறை போடச் சொன்னேன். முகம் சுளிக்காமல் வேறு வழியில் போட்டார். அதே இருபது. பிறகு தாளை மடித்து என் கையில் கொடுத்தார். "சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள நீங்களே போய்ச் சொல்லிருங்க சார். இல்லைன்னா பொறவு நான் போவேன்."

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது போனேன். எனக்கு ஒரு வாரம் சஸ்பென்ஷன். சுப்பையா அன்று மதியமும் வேலையில் இருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை உட்காரவிடவில்லை. தப்பைத் தானாகவே போய் ஒப்புக்கொண்ட மனிதன் என்று மில் முழுக்க எனக்குப் பேர் வந்தது. புஷ்பம் பக்கத்தில் இருக்கும்போதே என் காதுபட அதைச் சொன்னார்கள். அவர் தலையைக் குனிந்து நூலை எடை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் நன்றி வரவில்லை, கோபம் வந்தது. நாலைந்து வருடம் வேலையைத் தவிர வேறெதுவும் அவரிடம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டு வாசலில் சுப்பையா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னைக்கு நீங்க மட்டும் சொல்லலைன்னா என் பிள்ளைகுட்டி தெருவுலதான் நின்னிருக்கும் அண்ணாச்சி" என்றார். உள்ளே புஷ்பம் கிடத்தப்பட்டிருந்தார். அப்போதும் நான் தலையை ஆட்டிக்கொண்டுதான் நின்றேன்.

சுப்பையா, உங்களைக் காப்பாற்றியது நான் இல்லை. அவர் கண்டுபிடித்து, போய்ச் சொல்ல எனக்கு மணி அடிக்கும்வரை நேரம் கொடுத்தார், அவ்வளவுதான். புஷ்பத்திடமிருந்து வந்து என்னிடம் இருப்பவை மடித்த அந்தத் தாளும் இந்த நல்ல பேரும். தாளை நான் வைத்துக்கொள்கிறேன். பேர் அவருடையது.