வீட்டில் இல்லாத வாக்காளர்

நான் என் வீட்டில்தான் வசிக்கிறேன் என்று இன்று காலை பதினோரு மணிக்கு அரசாங்கம் ஒப்புக்கொண்டது.

(மூன்றாவது முயற்சியில்!)

ஓய்வு பெற்று, குவார்ட்டர்ஸைக் காலி செய்து, நெய்வேலி நகரியத்தின் நுழைவாயில் ஆர்ச்சுக்கு வெளியே ஓர் ஊராட்சியில் வீடு கட்டிக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. சாமான்கள் எல்லாம் வந்துவிட்டன. ஓட்டு மட்டும் பழைய பிளாக்கிலேயே தங்கிவிட்டது.

நகரியத்தில் இருப்பவர்கள் எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கலாம், எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்கலாம். நகரியத்தை நடத்துவது நிலக்கரி நிறுவனம் என்பதால், வார்டு மெம்பர் என்று ஒருவர் அங்கே கிடையாது. சாக்கடை அடைத்தால் மெயின்டனன்ஸில் கம்ப்ளெயின்ட் கொடுப்போம், ஆள் வருவார். நாட்டை யார் ஆள்வது என்பதில் எங்களுக்கு உரிமை உண்டு. சாக்கடை விஷயத்தில் நம்பிக்கை மட்டும்தான்.

அதே பழக்கத்தில், இங்கே வந்ததும் கம்ப்ளெயின்ட் புக் எங்கே இருக்கிறது என்று எதிர்வீட்டுக் கனகாவிடம் கேட்டேன். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"புக்கா? மெம்பரத்தான் சார் புடிக்கணும்."

சமீபத்தில் மெம்பர்களின் பதவிக்காலமும் முடிந்துவிட்டது. புதிய தேர்தலுக்குத் தேதி வரவில்லை. சாக்கடை மட்டும் தேதி பார்க்காமல் தெருவுக்கு வந்துவிட்டது.

என் மனைவி மரகதம் ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே அறிவித்தாள்.

"அடுத்த எலெக்ஷன்ல நான் நிக்கிறேன்."

"ஒரு சாக்கடைக்காகவா?"

"சாக்கடையைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? விடியறதுக்குள்ள டவுன்ஷிப்புக்குப் போறீங்க, இருட்டினப்புறம் வர்றீங்க."

உண்மைதான். காலையில் சைக்கிளை எடுத்தால் பழைய பிளாக்கில் நடைப்பயிற்சி, டீக்கடை, செய்தித்தாள், பழைய ஷிப்ட் நண்பர்கள். வெளியே வீடு கட்டிவிட்டு உள்ளேயே வாழ்கிறவர்கள் என்னைப்போல் நிறையப் பேர். (பெயர் சொல்ல மாட்டேன். எல்லோரும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.)

ஊராட்சி யூனியன் ஆபீஸில் விசாரித்தோம். நிற்பதற்கு இருபத்தோரு வயது ஆகியிருக்க வேண்டும். (ஆகிவிட்டது.) அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். முன்மொழிகிறவர் அதே வார்டில் ஓட்டு உள்ளவராக இருக்க வேண்டும். வார்டு மெம்பருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது.

முன்மொழிகிறவர் என்றதும் நான் தொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

"சாருக்கு ஓட்டு எங்க?" என்றார் கிளார்க்.

"டவுன்ஷிப்ல."

"அப்ப நீங்க மொழியவும் முடியாது, ஓட்டும் போட முடியாது. வேணும்னா கைதட்டலாம்."

இரண்டு பேரும் முகவரி மாற்றத்துக்குப் படிவம் எட்டு கொடுத்தோம். மரகதத்தின் பெயர் சீக்கிரமே மாறிவிட்டது. தெருவில் அவளைத் தெரியாதவர் இல்லை. என்னுடையது சரிபார்ப்பில் நின்றது. சரிபார்க்க வரும் அலுவலர் பக்கத்து அங்கன்வாடி டீச்சர். இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் நான் டீக்கடையில்.

கனகாவிடம் விசாரித்திருக்கிறார். கனகாவுக்குப் பொய் வராது.

"அவரா? பகல்லாம் டவுன்ஷிப்லதான் இருப்பாரு. இந்த வூட்டுக்குப் படுக்க வருவாருங்க."

"அப்ப ஓட்டும் அங்கியே இருக்கட்டுமே?" என்றாராம் டீச்சர்.

அடுத்த முறையும் ஆள் இல்லாவிட்டால் 'வசிக்கவில்லை' என்று எழுதிவிடுவேன் என்று சொல்லிப் போயிருக்கிறார்.

அதற்குள் தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பிவிட்டது. வூட்டுக்காரரு ஓட்டே அந்த அம்மாவுக்கு இல்லியாமே!

மரகதம் அழுகிற ஆள் இல்லை. அன்று தட்டை வைத்த சத்தம் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

"சொந்தப் புருஷன் ஓட்டே இல்லாதவளுக்கு ஊர்ல யாருங்க போடுவாங்க?"

சைக்கிளைப் பூட்டினேன். மூன்று நாள் வாசலில் நாற்காலி போட்டு வசித்தேன். முதல் நாள் சாக்கடையைப் பார்த்தேன். இரண்டாம் நாள் அதை முகராமல் இருக்க முயன்றேன். மூன்றாம் நாள் மரகதத்தின் அரசியல் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

இன்று டீச்சர் வந்தார்.

"நீங்கதான் அந்த சாரா?"

"ஆமாம்மா."

"இங்கதான் இருக்கறீங்களா, இல்ல எனக்காக இருக்கறீங்களா?"

முப்பது வருட சர்வீஸில் இப்படி ஒரு கேள்வியை எந்த அதிகாரியும் என்னிடம் கேட்டதில்லை. பதில் யோசிப்பதற்குள் கனகா எதிர்வீட்டிலிருந்து குரல் கொடுத்தார்.

"மூணு நாளா வாசல்லியே குந்திக்கினு இருக்காருங்க டீச்சர்! கொசுவே அவரப் பழகிக்கிச்சு!"

டீச்சர் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். நான் இப்போது இந்தத் தெருவாசி.

அவர் போனதும் மரகதத்திடம் கம்பீரமாகச் சொன்னேன்: "இனிமே உன்னை நானே முன்மொழியறேன்."

"அது கனகா போடுது. பேசியாச்சு."

"சரி, வீடு வீடா ஓட்டு கேக்க நான் வர்றேன்."

"வேண்டாங்க. போற வீட்லல்லாம் இவரு யாருன்னு கேப்பாங்க. உங்களை அறிமுகப்படுத்திட்டே இருந்தா, நான் எப்ப ஓட்டு கேக்கறது?"

ஆகவே நண்பர்களே, தேர்தல் தேதி அறிவிப்பதற்குள் ஓர் உதவி வேண்டும். நான்கு வருடம் கழித்து ஒரு தெருவுக்குப் புதிதாகக் குடிவருவது எப்படி?