ஊசி குத்தினால் பரவும் என்றார்கள்

போன வருஷம் ஆடி மாசம், குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டியது. கல்லு மாதிரி. வலி கிடையாது. பிள்ளையார்பட்டியானைக் கும்பிடும் உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அப்போதே பாதி உயிர் போய்விட்டது. காரைக்குடியில் தையல்கடை வைத்திருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயே அடைத்துப்போனது.

மதுரையில் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "பயாப்சி எடுத்துருவோம்" என்றார். அப்படியென்றால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஊசி குத்துவார்கள் என்பது மட்டும் புரிந்தது.

வீட்டில் சொன்னதும் என் வீட்டுக்காரரின் அக்கா, பஞ்சவர்ணம் மதினி, ஒரேயடியாக மறித்துவிட்டார். "எங்காத்தாளுக்கும் இப்படித்தான் கட்டி. கத்தி வச்சாக, ஒடம்பெல்லாம் பரவிருச்சு. வாரிக் குடுத்துட்டோம். வேணாம்த்தா." ஆத்தா என்றது என் மாமியாரை. அக்கா கிழித்த கோட்டை என் வீட்டுக்காரர் தாண்டமாட்டார். கடைசியில், பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவானது. எங்கள் பக்கம் கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, சாமியிடம் பூக் கேட்காமல் நடக்காது. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் ஊசி, சிவப்பு வந்தால் வேண்டாம். தெருக்கோயில் பூசாரி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பிரித்தேன். செவ்வரளி.

"அப்பாடா" என்றார் மதினி. பூ என்ன சொன்னாலும் கட்டி இருந்த இடத்தில்தானே இருந்தது.

மறுநாள் தனியாக டவுன் பஸ் ஏறிப் பிள்ளையார்பட்டிக்குப் போனேன். அழுதேன். சண்டையும் போட்டேன். "கற்பக விநாயகா, நீ வேணாம்னு சொன்னியா, நாங்க தப்பாக் கேட்டமா? எனக்கு ஒண்ணும் வெளங்கலை. வீட்டுல ஒருத்தர் வாயிலயாவது 'போய்ப் பாரு'ன்னு வர வையி." வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

வீடு திரும்பினால் மதினி வாசலில் நிற்கிறார். கண் வீங்கியிருந்தது. "நீ சோறு திங்காம அலையிறதப் பாத்தா ஆத்தா நெனப்பாவே இருக்கு. கெளம்பு, மதுரைக்குப் போவோம். அந்த டாக்டரம்மாகிட்ட நான் ஒண்ணு கேக்கணும்." எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எந்த வாய் வேண்டாம் என்றதோ, அதையே திறந்துவிட்டார் பிள்ளையார்!

டாக்டரம்மா கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். கட்டி எல்லாமே கேன்சர் இல்லையாம். பரவாமல் இருக்கும் சாதாக் கட்டிக்கு பினைன் என்று பேர். பக்கத்துச் சதையைத் துளைத்துக்கொண்டு போவது மலிக்னன்ட், அதுதான் கேன்சர். இது எந்த வகை என்று தெரிய, ஊசியால் துளி சதை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் பயாப்சி. கட்டி எவ்வளவு பெரிசு, எதுவரைக்கும் போயிருக்கிறது என்பது ஸ்டேஜ். தூரத்து உறுப்புக்குப் போய் முளைத்துவிட்டால் மெட்டாஸ்டாசிஸ்.

மதினி மெதுவாகக் கேட்டார். "அப்ப எங்காத்தாளுக்குக் கத்தி பட்டுப் பரவலையா?"

"கட்டியை ரொம்ப நாள் வச்சிருந்தாங்களா?"

"வருஷக்கணக்கா யாருட்டயும் சொல்லலைங்க."

"அப்ப ஆபரேஷனுக்கு முந்தியே பரவியிருக்கும்மா. கத்தி மேல பழி போடாதீங்க. இந்த ஊசிக்கும் பயப்பட வேணாம்."

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "நான்தானே கூட்டிட்டுப் போனேன். நானே கொன்னுட்டேன்னு இம்புட்டு வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேனே." எனக்கு என் கட்டியே மறந்துபோனது. அவரைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன்.

ஊசி குத்திப் பார்த்ததில், எனக்கு வந்தது கேன்சர்தான். ஆனால் முதல் ஸ்டேஜ். ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் பட்டேன். முடி கொட்டியது, வாய் புண்ணானது, மதினி ஊட்டிய கஞ்சியை மதினி மேலேயே கக்கினேன். இப்போது நோய் அடங்கியிருக்கிறது. அதற்கு ரெமிஷன் என்று பேர். தவறாமல் செக்கப் போகிறேன்.

நான் கேட்டது ஒரு சொல். பிள்ளையார் என் உயிரையும் மீட்டுக் கொடுத்து, மதினியின் நெஞ்சுப் பாரத்தையும் இறக்கிவைத்தார். ஆகவே, கட்டி தட்டுப்பட்டால் அவரிடம் அழுங்கள். அழுதுவிட்டு உடனே டாக்டரிடம் காட்டுங்கள். புரியாத பேர் சொன்னால் என்னவென்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் கடைக்கு வாருங்கள். நானோ மதினியோ துணைக்கு வருகிறோம். இப்போதெல்லாம் மதினிதான் முந்திக்கொண்டு செருப்பை மாட்டுகிறார்.