கிணற்று முறையும் சர்வர் கடிகாரமும்

எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கிணறு, இரண்டு மோட்டார். ஒரு நாள் அவர்கள் ஓட்டினால் மறுநாள் நாங்கள் ஓட்டுவோம். முறை நாளில் கரண்ட் போய்விட்டால் அதற்கு ஈடாக அடுத்த நாளும் அந்த வீட்டுக்கே. இந்த ஈட்டுக் கணக்கில்தான் வருஷம் முழுக்கச் சண்டை. கடைசியில் அப்பாவும் பெரியப்பாவும் பேச்சையே நிறுத்திக்கொண்டார்கள். கோயில் நோம்பித் திருவிழாவில்கூட ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

அப்போது நான் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்குப் போய், வெப்சைட் செய்யும் பிஎச்பி படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எல்லாரும் இல்லாத துணிக்கடைக்கும் இல்லாத ஓட்டலுக்கும் வெப்சைட் செய்தார்கள். இந்தப் பொம்மை வியாபாரம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் எங்கள் கிணற்றுக்குச் செய்தேன். கரண்ட் போனால் இரண்டு வீட்டிலும் யார் வேண்டுமானாலும் போனில் ஒரு பொத்தானை அமுக்கலாம். அது டேட்டாபேஸில் ஏறிவிடும். பக்கத்தைத் திறந்தால் இன்று யார் முறை என்று சர்வர் கணக்குப் போட்டுக் காட்டும். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அவர்கள் வீட்டில் பேசிச் சம்மதிக்க வைத்தார்.

சில மாதம் சத்தமே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம் வகுப்பில் டைம்சோன் பாடம் வந்தது. நம் பக்கங்கள் இருக்கும் சர்வர் வெளிநாட்டில் இருக்கிறது, அதன் கடிகாரம் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது, ஒரு வரி சேர்த்தால் இந்திய நேரத்துக்கு வந்துவிடும் என்றார்கள். இத்தனை நாள் தப்பான கடிகாரத்தையா நம்பியிருந்தோம் என்று எனக்குப் பகீரென்றது. அன்று சாயங்காலமே அந்த வரியைச் சேர்த்தேன். பெரிய ஆபத்திலிருந்து கிணற்றைக் காப்பாற்றிவிட்ட நினைப்பில் நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் கருக்கலில் அப்பாவின் கத்தல்தான் என்னை எழுப்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால் எங்கள் மோட்டார் நின்றிருந்தது, அவர்களுடையது ஓடிக்கொண்டிருந்தது. பால் ஊற்றக் கிளம்பிய அண்ணன் போனைப் பார்த்துவிட்டு, எங்களதை நிறுத்தி அவர்களதைப் போட்டிருக்கிறார். அன்று விடிந்தால்தான் அவர்கள் முறை.

"விடியறதுக்கு முன்னால வந்து மோட்டார நிறுத்தறவனுக்குத் திருடன்னுதான் பேரு!" என்றார் அப்பா.

"நான் என்னத்தைங்க சித்தப்பா திருடுனேன்? உங்க புள்ள செஞ்சதத்தான பாத்தேன். எங்க மொறைன்னுதான போட்டிருக்குது!" அண்ணன் போனை அப்பாவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

பெரியப்பா துண்டை உதறிக்கொண்டே வந்து சேர்ந்தார். அப்பாவைப் பார்க்காமல், வேலியைப் பார்த்துச் சொன்னார்: "எம் பையனைத் திருடன்னு சொன்ன பொறவு ஒரே கெணத்துல எப்படி எறைக்கறது? போர் வண்டிக்குச் சொல்லிர்றேன். நாளைக்கே வரட்டும்."

கிணற்றுக்குப் பக்கத்தில் ஆழ்குழாய்ப் போர் இறங்கினால் அடியில் இருக்கும் ஊற்று அதற்குள் போய்விடும். பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் ஆனது. அவர்கள் கிணறு இப்போது குப்பை போடுகிற குழி. இங்கே அது நடந்தால் பேச்சு மட்டுமல்ல, எங்கள் வெள்ளாமையும் அன்றோடு முடிந்தது.

"பெரியப்பா, பொறுங்க. தப்பு எங்கேன்னு பாக்கறேன்" என்றேன். அப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஏங்கண்ணு, உன்ற பொட்டிக்கு எப்பத்தான் விடியுது?"

"ராத்திரி பன்னண்டு மணிக்குங்க" என்றேன். சொல்லும்போதே எனக்குப் பிடிபட்டுவிட்டது. பழைய கடிகாரத்தில் சர்வரின் நடுராத்திரி நமக்குக் காலை ஐந்தரை. அதனால் முறை விடிகிற நேரத்துக்கே மாறிக்கொண்டிருந்தது, தானாக, யாரும் திட்டமிடாமல். நான் கடிகாரத்தைச் சரிசெய்ததும் நடுராத்திரியிலேயே மறுநாள் வந்துவிட்டது. எங்கள் ஊரில் எந்தக் குடியானவனுக்கும் அப்போது நாள் மாறாது. இன்றைக்கும் சொல்வேன், அந்த வரி சரியான வரிதான். ஆனாலும் அன்றைக்கு எனக்கு அந்த வரிமேல்தான் கோபம் கோபமாக வந்தது.

"நாளைக்குக் காலையில மொறை ஒழுங்கா மாறுதான்னு பாப்பேன். இல்லீன்னா வண்டிதான்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா போனார்.

லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். வேலை சின்னதுதான்: நாள் காலை ஆறு மணிக்கு மாறும்படி, இப்போதைய நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்தைக் கழித்துவிட்டு அப்புறம் நாளைக் கணக்கிட வேண்டும். மாற்றி ஏற்றினேன். பக்கம் வெள்ளையாக வந்தது. ஓர் எழுத்துகூட இல்லை. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன், "ஒண்ணுமே காணோமே!" என்று கத்தினார். ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஓர் அடைப்புக்குறியை மூடாமல் விட்டிருந்தேன். மூடினேன், பக்கம் வந்தது. பிறகு பொய்யான நேரங்களைக் கொடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். ஐந்து ஐம்பத்தொன்பதுக்குப் பெரியப்பா வீடு. ஆறுக்கு நாங்கள். அம்மா வைத்த சோறு ஆறிப்போனது. அப்பா அந்தப் பக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் கிணற்று மேட்டுக்குப் போனேன். பெரியப்பாவின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மோட்டார் ரூம் வாசலில் போனோடு நின்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றார். கிழக்கே நன்றாக வெளுத்துவிட்டது. ஆறு தாண்டியது. பெரியப்பா போனைப் பார்த்தார், முகம் இறுகியது. எட்டிப் பார்த்தேன். இன்னும் அவர்கள் முறை என்றே இருந்தது.

அப்புறம்தான் விளங்கியது: அது அவர் கொஞ்ச நேரம் முன்னால் திறந்து வைத்த பக்கம். புதிதாகக் கேட்காத வரை சர்வர் எதையும் மாற்றி அனுப்பாது. பக்கத்தை ஒரு தடவை விரலால் கீழே இழுத்துவிட்டால் போதும், எங்கள் பெயர் வந்துவிடும். சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் பெரியப்பா போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். உள்ளே போய்த் தன் மோட்டாரை நிறுத்தினார். சட்டென்று எங்கும் அமைதியானது.

"உன்ற மொறை. போட்டுக்க" என்றார், அப்பாவைப் பார்த்தே.

அப்பா கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "அதுல இன்னும் உங்க மொறைன்னுதானுங்ண்ணா காட்டுது?"

"அது கெடக்குது உடு. விடிஞ்சிருச்சு பாரு."

நான் வாயை மூடிக்கொண்டேன்.