இடது காதில் இசபெல், வலது காதில் பியற்றிஸ்

இசபெலின் தொண்டைக்கு மைக் வைப்பது ஆடம்பரம். இல்ஃபோர்ட்டில் அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆறு மெஷின்கள் ஒன்றாய்ச் சுழலும்போதும் அவள் பேச்சுத்தான் மேலே நிற்கும். வயது நாற்பத்து நாலு. சொந்த ஊர் பேசாலை. கோபம் வந்தால் சத்தம், சந்தோசம் வந்தால் இன்னும் சத்தம். அவள் மெதுவாகச் செய்த ஒரே காரியம் இங்கிலீஷ் படித்ததுதான் என்பான் புருசன்.

தேவாலயத்தில் மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையில் பாடகர் குழுவின் முன்வரிசை அவளுடையது. பக்கத்தில் பியற்றிஸ். ஆறு வயது இளையவள், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, மெல்லிய குரல். இருவரும் ஒரே தெரு. ஒருத்தி மீன் குழம்பு வைத்தால் மற்றவள் வீட்டுக்கு ஒரு கிண்ணம் போய்விடும்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, மடு மாதா திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வில்லங்கம் வந்தது. திருநாள் பூசையில் பதிலுரைப் பாடலைத் தனியாகப் பாட ஒருவர் வேண்டும். இரண்டு பேரும் கை தூக்கினார்கள். பூசை வைக்கும் சுவாமி ஒரு கசெற்றை நீட்டினார்.

"இது ஈஸ்டர்ப் பூசை. மேல போற இடத்தில உங்களில ஒராள் சறுக்கிறியள். ஆரெண்டு நான் சொல்ல மாட்டன், எனக்கு இந்தக் கோயில்ல இன்னும் மூண்டு வருசம் இருக்கு. நீங்களே கேட்டு முடிவெடுங்கோ."

இசபெல் வீட்டு ரேடியோவில் போட்டுக் கேட்டார்கள். எல்லாக் குரலும் ஆர்மோனியமும் கலந்து கஞ்சியாய்க் கிடந்தன. அது பியற்றிஸ்தான் என்பதில் இசபெலுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நிரூபிக்க வேண்டுமே.

ஒலிப்பதிவு செய்த சூசைதாசன்தான் வழி சொன்னான். "ரெண்டு மைக் வைச்சனான். நல்ல வோக்மன் ஒண்டில போட்டுக் கேளுங்கோ. இடது காதில இசபெல் அக்கா, வலது காதில பியற்றிஸ் அக்கா. பிரிச்சு வைச்சுத் தரும்."

இசபெலுக்கு வோக்மன் ஆசை ஏற்கெனவே உண்டு. இப்போது காரணமும் கிடைத்துவிட்டது. சனிக்கிழமை இருவரும் இருபத்தைந்தாம் நம்பர் பஸ்ஸில் மேல்தட்டு முன்சீட்டைப் பிடித்து, மீன் பற்றீஸ் தின்றுகொண்டு, டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டுக்குப் போனார்கள்.

நெஞ்சுவரை உயர்ந்த கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரன் நின்றான். முதலாவது வோக்மனை எடுத்துத் தந்தான். தகரப் பேணிக்குள் இருந்து பாடுவதுபோல் கேட்டது. இரண்டாவதில் ஆர்மோனியம் எருமை மாதிரிக் கத்தியது. மூன்றாவதில் பூசை முழுவதும் மீன் பொரிகிற சத்தம். ஒவ்வொன்றையும் மாட்டியபடி இசபெல் அபிப்பிராயம் சொன்னாள். காதை அடைத்துக்கொண்டு சொன்னதால் அது தெருவரை போனது.

"பியற்றிஸ்! இந்த மனுசன் ஏன் எங்களைக் கள்ளியள் மாதிரிப் பாக்கிறான்?"

"கத்தாதேங்கோ அக்கா, மானம் போகுது!"

"என்ன? கேக்கேல்லை!"

கடைக்காரன் பெருமூச்சு விட்டு, உள்ளே இருந்து கனமான, உலோக உடம்புக்கார வோக்மன் ஒன்றை எடுத்துவந்தான். இசபெல் பொத்தானை அமத்தினாள்.

ஈஸ்டர்ப் பூசை அப்படியே அவள் தலைக்குள் வந்து இறங்கியது. யாரோ இருமியது, யாரோ உட்கார வாங்கு கிரீச்சிட்டது, சுவாமி தொண்டையைச் செருமியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு மேலே போகிற அந்த இடம் வந்தது. வலது காதில் பியற்றிஸ் ஒழுங்காகப் படியேறிப் போய் நின்றாள். இடது காதில் ஒருத்தி அரைப்படி கீழே நின்றுகொண்டு பெருமையாய்க் கத்தினாள்.

இசபெல் நிறுத்திவிட்டாள். திருநாளுக்குச் சேலை எடுத்தாயிற்று. தான்தான் பாடுவது என்று சலவைக்கூடத்தில் சொல்லியாயிற்று. பேசாலைக்குக் கடிதமும் போட்டாயிற்று.

"என்ன அக்கா, ஆர்?"

"நீயே கேள் பிள்ளை" என்றாள். அவள் வாய் அதைச் சொல்லும்போது அவள் கை காதுமாட்டியை இடம் வலமாய்த் திருப்பிப் பியற்றிஸின் தலையில் வைத்தது. பிறகு நாடாவைப் பின்னோக்கி ஓட்டியதும் அதே கைதான்.

பியற்றிஸ் கேட்டாள். முகம் சுருங்கியது. "ஐயோ, நானோ அக்கா?"

"கவலைப்படாதை. எல்லாருக்கும் வாறதுதானே" என்று இசபெல் ஆறுதல் சொன்னாள். சொல்லிவிட்டு மேலே விளக்கைப் பார்த்தாள்.

நாடா ஓடிக்கொண்டே இருந்தது. திடீரென்று பியற்றிஸின் கண் அகன்றது. பாய்ந்து நிறுத்தினாள்.

"போதும். வாங்கோ போவம்."

"ஏன்?"

"பற்றறி முடிஞ்சுது."

கடைக்காரனிடம் இசபெல் கேட்டாள். புதுப் பற்றறி, இப்போதுதான் போட்டேன் என்றான். இசபெல் வோக்மனைப் பறித்து, திரும்ப ஓட்டி, தன் காதில் சரியாக மாட்டினாள். மேலே போகிற இடம் முடிந்தது. அடுத்த அடிக்கு ஆர்மோனியம் தொடங்குமுன், வலது காதில், உதடு பட்டதுபோல் ஒரு முணுமுணுப்பு:

"மடு மாதாவே, இந்த மனுசியின்ர வாயை ஒருக்கா அடைச்சு விடம்மா."

"அடியேய்!"

கடை முழுவதும் திரும்பியது.

"பூசைக்குள்ள நிண்டு என்ர வாயை அடைக்கச் சொல்லி மன்றாடியிருக்கிறாய்!"

"அது எனக்கு இடது காதிலயெல்லோ கேட்டது!" பியற்றிஸும் வாழ்க்கையில் முதல்தடவையாகக் கத்தினாள். "என்ர வாய் எப்பிடி உங்கட பக்கம் வந்தது? இடம் வலமாய்த் திருப்பித் தந்தனீங்கள், என்ன!"

ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். முதலில் யாருக்குச் சிரிப்பு வந்தது என்று பிறகும் முடிவாகவில்லை. இரண்டு பேரும் கண்ணாடி அலுமாரியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். உள்ளே இருந்த ரேடியோக்களும் குலுங்கின. தண்ணீர் வேண்டுமா என்று கடைக்காரன் கேட்டான்.

"மாதாவுக்கே ஏலாமல் போச்சு பார்" என்று இசபெல் கண்ணைத் துடைத்தாள். "தெரிஞ்சால் ஏன்டி முகத்துக்கு நேர சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொல்லுறதிலும் மாதாவுக்குச் சொல்லுறது சுகம் அக்கா."

"சரி. திருநாளுக்கு நீ பாடு."

"அப்ப சேலை?"

"கட்டிக்கொண்டு உனக்குப் பக்கத்தில நிப்பன். வாயைத் திறக்காமல். நீ கேட்ட வரத்தை மாதா தந்தவ எண்டு நினை."

எதை எடுக்கிறீர்கள் என்று கடைக்காரன் கேட்டான். பியற்றிஸ் முதலாவது தகரப் பேணியைக் காட்டினாள். "அதை எடுங்கோ அக்கா. அதில எல்லாரும் ஒரே மாதிரித்தான் பாடினம்."

இசபெல் ஒரு கணம் உண்மையாகவே யோசித்தாள். பிறகு உலோக உடம்புக்காரனைத் தொட்டாள். "இதுதான். டிசம்பரில நத்தார்ப் பூசைக்கு நான் பாடவேணும்."

திரும்பும் பஸ்ஸிலேயே பயிற்சி தொடங்கிவிட்டது. காதில் மாட்டியபடி இசபெல் அந்த இடத்தைப் பாடினாள். சொன்னால் காதில் விழாதே என்று பியற்றிஸ் உள்ளங்கையை ஏந்தி, மேலே, இன்னும் மேலே என்று காட்டினாள். ஸ்ட்ராட்ஃபோர்ட் வருவதற்குள் மேல்தட்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராய்க் கீழே இறங்கிவிட்டார்கள். அது தாண்டியதும் ஒருமுறை, ஒரேயொரு முறை, இசபெல் தன் இடது காதில் கத்திக்கொண்டிருந்தவளை விட்டுவிட்டு அரைப்படி மேலே போய் நின்றாள். பியற்றிஸின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.