அற்புதம் அக்காவின் வாய்ப்பூட்டு

அற்புதம் அக்கா எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரரின் அண்ணன் பிலோமின்ராஜின் மனைவி. நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த அன்றைக்கு, அடுப்படியில் ஒரு கரண்டியைத் தொட்டதுதான் தாமதம், "விடு, நா பாத்துக்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அதே பாட்டுதான். காரைக்காலில் மாவு அரைத்து விற்கும் கடை வைத்திருக்கிறாள். கிரைண்டர் மக்கர் செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டாள். சர்க்கரை ஏறித் தலை சுற்றினாலும் ஒரு குடத்தை இன்னொருவர் தூக்க விட மாட்டாள்.

ஜெபத்திலும் இதே அதிகாரம். ஆண்டவருக்குப் பாதி வேலை, தனக்குப் பாதி வேலை என்று பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் முழந்தாளிலிருந்து எழுந்திருப்பாள்.

அவளுடைய ஒரே பிள்ளை வில்சனுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போயிருந்தது. மாடி ஏறினால் மூச்சு இரைக்கும். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அது வேளாங்கண்ணித் திருவிழாக் காலம். ஊரே நடைப்பயணம் கிளம்பும் நேரம். இவள் ஒரு பொருத்தனை செய்துகொண்டாள். ஆபரேஷன் நடக்கும் நாளில் வேளாங்கண்ணிக்குச் செருப்பில்லாமல் நடப்பாளாம். கோயில் வாசலை மிதிக்கிறவரை வாய் திறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாளாம். வில்சனிடமும் இதைச் சொல்லி வைத்திருந்தாள். மற்றவர்கள் எல்லாம் பாடிக்கொண்டு நடப்பார்கள். இவளுக்கு அது பத்தவில்லை, வாய்க்கும் ஒரு பூட்டு.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "புள்ள அங்க தனியா கெடக்கான். ஒனக்கு ரோட்டுல என்னக்கா வேல?"

"அங்க உக்காந்து நா என்னடி பண்ணப்போறேன்? நடந்தா, நம்மால ஆனதப் பண்ணுனோம்னு இருக்கும்ல?"

"மாதா என்ன கடையா வச்சிருக்காங்க, நீ பேரம் பேச?"

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "அப்படியெல்லாம் பேசாதடி. புள்ளைக்கு எதாச்சும் ஆயிடப்போவுது." அவள் உள்ளங்கை சில்லென்று இருந்தது. அப்போதுதான் எனக்கும் பயம் தொற்றியது.

பிலோமின்ராஜ் மகனோடு புதுச்சேரியில் இருந்தார். நான் அக்காவுக்குத் துணையாக, அவள் போனையும் என் பையில் போட்டுக்கொண்டு, விடியற்காலைப் பூசை முடிந்ததும் நடந்தேன். முன்னால் மாதா சுரூபம் வைத்த சின்ன வண்டி, காவி உடுத்திய கூட்டம். பக்கத்திலேயே நிலக்கரி லாரிகள் உரசிக்கொண்டு போயின. அடுத்த ஊரான பட்டினம் தாண்டுவதற்குள் தார் ரோடு கொதிக்க ஆரம்பித்துவிட்டது. எவனோ குடித்துவிட்டு உடைத்துப்போட்ட பாட்டில், போலகம் பக்கத்தில் அவள் காலில் ஏறியது. நல்ல ஆழம். துண்டைக் கிழித்துக் கட்டினோம், ரத்தம் நிற்கவில்லை. எழுந்தாள், விழுந்தாள். மறுபடி எழுந்தாள், விழுந்தாள்.

பிறகு எழவே முயலவில்லை. முழங்காலைத் தேய்த்துத் தேய்த்து ரோட்டில் நகர ஆரம்பித்தாள். பின்னால் ஒரு லாரி கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது. கத்திக்கொண்டே அவளை இழுத்து பஸ் ஸ்டாப் நிழலில் போட்டேன். போன் அடித்தது.

"சித்தி," வில்சன்தான். "சொன்ன நேரத்துக்கு முன்னாடியே என்னை ஆபரேஷனுக்கு எடுக்குறாங்களாம். ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சு. அம்மாகிட்ட குடுங்க."

ஸ்பீக்கரைப் போட்டு அவள் முகத்தருகே பிடித்தேன்.

"அம்மா, பயமா இருக்கும்மா. ஒரு வார்த்த பேசும்மா. அம்மா, இருக்கியா?"

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். மாட்டேன் மாட்டேன் என்று தலை ஆடியது. கண் பிதுங்கி நின்றது. எனக்குப் புரிந்தது. நடை ஏற்கெனவே போய்விட்டது, பொருத்தனையில் மிச்சமிருப்பது வாய் மட்டும்தான். அதையும் திறந்துவிட்டால் பிள்ளை பிழைக்க மாட்டான் என்று நடுங்குகிறாள்.

"அடிப்பாவி, பேசேன்! ஒன் வாயாலயா அவன் மூச்சு ஓடுது?" என்று அலறிவிட்டேன்.

போனில் பிலோமின்ராஜின் குரல் கேட்டது. "சரிடா, நேரமாச்சு. போனக் குடு."

"வில்சா!"

அது அவள் குரல் மாதிரியே இல்லை.

"இருக்கேன்டா. அம்மாவுக்கும் பயமா இருக்குடா. நடக்க முடியலடா. ஒனக்குன்னு பண்ண என் கையில ஒண்ணுமே இல்ல. ஆண்டவரு கையில ஒன்ன விட்டுட்டேன் சாமி. அவரு பாத்துப்பாரு..."

லைன் எப்போது போனதோ தெரியவில்லை. அவன் எவ்வளவு கேட்டானோ, அதுவும் தெரியவில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். "ஜெர்லின், எம்புள்ளைய நானே கொன்னுட்டேனாடி?"

நான் ரோட்டில் இறங்கி ஒரு ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினேன்.

காலில் தையல் போட்டுக்கொண்டு, வேளாங்கண்ணிக்கு முதுகைக் காட்டி, புதுச்சேரி பஸ் ஏறினோம். வழியெல்லாம் அவள் ஒரு பொருத்தனையும் செய்யவில்லை. கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, "நீரே பாத்துக்கிடும் ஆண்டவரே, நீரே பாத்துக்கிடும்" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். கொடுக்க ஒன்றுமில்லாமல் கேட்க அவளுக்குப் பழக்கமில்லை. நடுவில் நடுவில் அழுகை வந்து வார்த்தை நின்றுபோகும். சிதம்பரத்தில் போன் அடித்தபோது தொடவே மாட்டேன் என்றாள், நான்தான் எடுத்தேன். ஆபரேஷன் முடிந்துவிட்டது, இன்னும் கண் விழிக்கவில்லை என்றார் பிலோமின்ராஜ்.

கண் விழிக்க மறுநாள் மத்தியானம் ஆனது. தொண்டையிலிருந்து குழாயை எடுத்த பிறகு எங்களை உள்ளே விட்டார்கள். நொண்டிக்கொண்டு கட்டிலருகே போய் நின்றாள். அவன் அவளையே பார்த்தான். உதடு காய்ந்திருந்தது.

"பேசிட்டியேம்மா," என்றான். "எனக்கு எதாச்சும் ஆயிடுமா?"

சோற்றோடு சோறாக அவள் ஊட்டி வளர்த்த பயம் அல்லவா அது! நா பாத்துக்கிறேன் என்று இப்போது சொல்லப்போகிறாள் என நினைத்தேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு அவன் பக்கம் குனிந்தாள்.

"மாதா என்ன கடையாடா வச்சிருக்காங்க, நா பேரம் பேச?"

சொல்லிவிட்டு அவன் நெற்றியில் சிலுவை போட்டாள்.