ஹார்ட் என்ற சொல்

இந்த லண்டனில் ரொட்டிக்கடைக்காரி என்னை 'ஸ்வீட்ஹார்ட்' என்றுதான் கூப்பிடுகிறாள். பெயர் கேட்டதில்லை. மகன் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க என்னோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான். பிப்ரவரி வந்தால் கடைக் கண்ணாடியில் சிவப்புக் காகித இருதயங்கள் ஒட்டுகிறாள். அந்தச் சொல்லைக் கேட்டாலே என் தலை குனிந்துவிடும். கூச்சம் என்று நினைத்துக்கொள்கிறாள்.

சாந்தோமில் எங்கள் குடிசையில் இருந்த ஒரே படம் திரு இருதய ஆண்டவர். அப்பாவைக் கடல் கொண்டுபோயிருந்தது. அம்மா மயிலாப்பூர்த் தெருக்களில் மீன் விற்று என்னை மடத்துப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். அங்கேயும் அதே படம். அதில் ஆண்டவரின் நெஞ்சில் தெரியும் இருதயத்தைக் காட்டித்தான் சிஸ்டர் 'ஹார்ட்' என்று சொல்லிக் கொடுத்தார். பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லும்போதும் 'பை ஹார்ட்' என்பார். அதில் நான்தான் முதல்.

நான்காம் வகுப்பில் இருந்தபோது அம்மாவுக்கு மார்வலி வந்தது. படத்து விளக்கின் எண்ணெயைத் தொட்டு நெஞ்சில் தடவிக்கொண்டு கூடையைத் தூக்குவாள். எங்கள் குப்பத்தில் எல்லா நோவுக்கும் அதுதான் மருந்து. வலி அடங்காமல் போகவே தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வெள்ளைக்கார டாக்டரம்மா குழாய் வைத்துப் பார்த்து, "ஹார்ட்" என்றார். கூடையைக் காட்டி, "நோ பாஸ்கெட்" என்று கையை ஆட்டினார். தமிழில் சொல்ல அப்போது பக்கத்தில் நர்சு இல்லை.

"இன்னாடி சொல்லுது அந்தம்மா? கூடைய ஏன் காட்டுது?"

எனக்குப் புரிந்திருந்தது. அம்மா இறக்கினால் அந்தக் கூடை என் தலைக்குத்தான் வரும், பள்ளிக்கூடம் நின்றுவிடும் என்பதும் புரிந்திருந்தது.

"மீன் கவுச்சி அடிக்குதாம்மா. உள்ள எடுத்தாரக் கூடாதாம்."

அம்மா சிரித்துவிட்டாள். "அடி ஆத்தே! வஞ்சிரம் வாங்கறப்போ மட்டும் கவுச்சி தெரியலயாமா இவங்களுக்கு?"

இரண்டு மாதம் கழித்து லஸ் முனையில் கூடையை இறக்கி உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரம் அந்தக் கூடையை நான் தூக்கினேன். படிப்பு அதோடு சரி. இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை.

அம்மாவைப் புதைத்த இடத்தில் மெழுகுவத்தி ஏற்ற அங்கே இப்போது ஆள் இல்லை. போன கல்லறைத் திருநாளன்று இங்கே பக்கத்து மாதா கோயிலின் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். யாரும் வராத கல் ஒன்றைத் துடைத்து, பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மேரி. காற்றுக்குக் கையால் மறைத்துத் திரியைப் பற்றவைத்தேன்.

"கவுச்சின்னு அவங்க சொல்லவே இல்லம்மா. தூக்காதேன்னுதான் சொன்னாங்க."

கல்லுக்கு அடியில் கிடப்பவளுக்குத் தமிழ் தெரியாது. என் அம்மாவுக்கு இந்த ஊர் தெரியாது. மெழுகுவத்தி தீரும்வரை நின்றிருந்தேன்.